ஆர்சி ஹெலிகாப்டர்: ஹோவர் பழக எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

ஆர்சி ஹெலிகாப்டர், அதாவது ரேடியோவால் தூரத்திலிருந்து இயக்கும் மாடல் ஹெலி, ஓட்டிப் பழகலாம் என்று கிளம்புகிறவர் முன்னால் ஏழெட்டு வழிகள் கிடக்கின்றன. பொம்மைக் கடையில் கிடைக்கும் இரட்டை ரோட்டர் ஹெலி, உள்ளங்கை அளவு நான்கு சேனல் ஹெலி (ரேடியோ அனுப்பும் தனித்தனிக் கட்டளை ஒவ்வொன்றும் ஒரு சேனல்), தானாக நிமிர்ந்துகொள்ளும் ஆறு சேனல் குட்டி, ஜிபிஎஸ் வைத்தது, யாரோ அலுத்துப்போய் விற்கும் பழைய 450, எடுத்த எடுப்பிலேயே பெரிய 700 (இந்த எண்கள் அளவைக் குறிக்கும் பெயர்கள்), எதுவுமே வாங்காமல் கணினியில் சிமுலேட்டர். விலை, அளவு, பேட்டரி நேரம் என்று அட்டவணை போட்டுத்தான் இவற்றை ஒப்பிடுவார்கள். புதிதாகப் பழகுபவருக்கு அந்த அட்டவணையால் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம். கேட்க வேண்டியது வேறு: இது எனக்கு ட்ரிம் கற்றுத் தருமா, ஹோவர் கற்றுத் தருமா, இரண்டையுமா, அல்லது ஒன்றையும் தராதா?

ஏனென்றால் இவை இரண்டும் தனித்தனிப் பாடங்கள். கையிலுள்ள ரேடியோவின் (ட்ரான்ஸ்மிட்டரின்) ஸ்டிக்கை நடுவில் விட்டால் ஹெலி ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகாதபடி இயந்திரத்தைச் சீர்செய்வது ட்ரிம். அப்படிச் சீரான ஹெலியைக் காற்றில் ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் கைப்பழக்கம் ஹோவர். ட்ரிம் சரியில்லாத ஹெலியில் ஹோவர் பழகுகிறவர், கோளாறு கையிலா இயந்திரத்திலா என்று தெரியாமலேயே பேட்டரிகளைத் தீர்த்துக்கொண்டிருப்பார். ட்ரிம் கச்சிதமாக அமைந்துவிட்டால் கையை எடுத்தாலும் ஹெலி நிற்கும் என்று நம்பி, சாயங்காலம் முழுக்க ட்ரிம் பொத்தானைத் தட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

நிற்காது. ஒற்றை ரோட்டர் ஹெலியை ஓரிடத்தில் நிறுத்துவது, விளக்குமாற்றை உள்ளங்கையில் நிமிர்த்தி வைப்பது போலத்தான். கொஞ்சம் சாய்ந்தால் ரோட்டரின் தூக்குவிசையும் சேர்ந்து சாயும்; அந்தப் பக்கம் வேகம் பிடிக்கும்; திரும்பக் கொண்டுவர இயற்கையாக எதுவும் இல்லை. அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் இரண்டு பாதி. நகர்வதை நிறுத்த எதிர்ப்பக்கம் ஒரு சின்னத் தள்ளல், நின்றதும் அதை எடுத்துவிட இன்னொன்று. முதல் பாதி எல்லோருக்கும் சீக்கிரம் வந்துவிடும். இரண்டாவதை மறப்பதால்தான் ஹெலி இடமும் வலமுமாக ஊசலாடி, ஊசல் பெரிதாகிக்கொண்டே போய்த் தரையில் முடிகிறது.

இன்னொன்றும் உண்டு, ட்ரிம் பேச்சில் இதுதான் பலரைக் குழப்புவது. பெரும்பாலான மாடல் ஹெலிகளில் மெயின் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் கடிகார திசையில் சுற்றும். அதன் எதிர்விளைவாக உடல் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க டெயில் ரோட்டர் வாலை இடப்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் வாலை மட்டுமில்லாமல் மொத்த ஹெலியையும் இடப்பக்கம் நகர்த்தும். ஆகவே காற்றில் அசையாமல் நிற்கும் ஹெலி லேசாக வலப்பக்கம் சாய்ந்துதான் நிற்கும். தரையிலிருந்து கிளம்பும்போது இடப்பக்கம் சற்று நழுவினால் அது கோளாறு இல்லை.

சரி, இனி ஒவ்வொன்றாக.

இரட்டை ரோட்டர், அதாவது கோஆக்சியல், பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு ரோட்டர்கள் எதிரெதிராகச் சுற்றுவதால் டெயில் ரோட்டர் தேவையில்லை. மேல் ரோட்டரில் இருக்கும் எடைக்கம்பி எல்லாச் சாய்வையும் தானே திருத்திவிடும். வீட்டுக் கூடத்தில் கையை எடுத்தாலும் கிட்டத்தட்ட நிற்கும். மேலே சொன்ன இரண்டாவது பாதியை உங்களிடம் அது கேட்பதே இல்லை. வெளியே லேசான காற்றுக்கும் தாங்காது. எந்த ஸ்டிக் எதைச் செய்யும், மூக்கு நம்மைப் பார்த்தால் இடம் வலம் எப்படி மாறும் என்பது பழக்கமாகும், அவ்வளவுதான். குழந்தைக்கு வாங்கினால் நல்ல பொருள்.

நான்கு சேனல் ஃபிக்ஸட் பிட்ச் குட்டிகள் வேறு ரகம். டபிள்யூஎல்டாய்ஸ் வி911 இந்த வகையில் உலகெங்கும் பரவிய பெயர். ஒற்றை ரோட்டர், தனி மோட்டாரில் ஓடும் வால், பிளேடின் கோணம் மாறாது. மேலே ஏற ரோட்டரின் வேகத்தைக் கூட்ட வேண்டும், இறங்கக் குறைக்க வேண்டும். வேகம் மாற ஒரு கணம் ஆவதால், இறங்கும் ஹெலியைத் தடுத்து நிறுத்த முன்கூட்டியே யோசித்துத் த்ராட்டில் (மோட்டார் வேகம்) கொடுக்கக் கை பழகும். இது இடைஞ்சல் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இது நல்ல பயிற்சியாகத்தான் படுகிறது. எடை மிகக் குறைவு என்பதால் சுவரில் மோதினாலும் பெரும்பாலும் எடுத்து மறுபடி பறக்கலாம். விழுந்துவிடுமோ என்ற பயம் இல்லாதபோதுதான் விரல்கள் இளகும்.

ட்ரிம் பாடமும் இதில் கொஞ்சம் கிடைக்கும். ரேடியோவில் உள்ள ட்ரிம் பொத்தான் இங்கே உண்மையிலேயே வேலை செய்யும். முன்னால் ஓடினால் எலிவேட்டர் (முன்-பின்) ட்ரிம்மைப் பின்னால் ஒன்றிரண்டு தட்டு. இதைப் பறந்துகொண்டே செய்யாதீர்கள். தூக்குங்கள், எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள், இறக்குங்கள், தட்டுங்கள், மறுபடி தூக்குங்கள். மின்விசிறியும் ஏசியும் ஓடும் அறையில் ட்ரிம் செய்தால் விசிறிக்குத்தான் ட்ரிம் செய்கிறீர்கள். வால் தானாகச் சுற்றினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். தீர்ந்துவரும் பேட்டரியில் வால் மோட்டார் திணறத் தொடங்கும், ட்ரிம்மால் அதைச் சரிசெய்ய முடியாது.

ஆறு சேனல் குட்டிகள்தான் என் முதல் தேர்வு. எக்ஸ்கே கே110, பிளேடு என்ற பிராண்டின் 230 எஸ் போன்றவை. கலெக்டிவ் பிட்ச், அதாவது ரோட்டர் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்ற, பிளேடின் கோணம் மாறி ஏற்ற இறக்கம் நடக்கும். பெரிய ஹெலிகள் எல்லாம் இயங்குவது இப்படித்தான். இங்கே பழகிய கை அங்கே வீணாகாது. கூடவே ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் போட்டால் ஸ்டிக்கை விட்டதும் ஹெலி தானாக நிமிரும். மறுபக்கம் போட்டால் சாய்த்த சாய்விலேயே இருக்கும், நீங்கள்தான் நிமிர்த்த வேண்டும். ஒரே ஹெலியில் இரண்டு வகுப்பு.

நிமிரும் மோடு ஹெலியைச் சமமாக வைக்கும், ஓரிடத்தில் வைக்காது. கூடத்தில் ஒரு மூலையை நோக்கி நகர்கிற ஹெலி, நிமிர்ந்த பின்பும் வந்த வேகத்தில் நழுவிக்கொண்டே போகும். அதை நிறுத்துவது உங்கள் வேலை. கோஆக்சியலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். உயிர் பிழைக்கப் போதிய உதவி, சோம்பேறியாக்கும் அளவுக்கு இல்லை. தூக்குவது, நிறுத்துவது, இறக்குவது மூன்றும் பதற்றமில்லாமல் வந்த பிறகு சுவிட்சை மாற்றிவிட வேண்டும். நிமிரும் மோடிலேயே மாதக்கணக்கில் ஓட்டிப் பழகினால், பிறகு மாற்றும்போது கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இவற்றில் ட்ரிம்தான் வில்லங்கம். இவை ஃப்ளைபார் (ரோட்டரோடு சுற்றி அதை நிலைப்படுத்தும் குறுக்குக் கம்பி) இல்லாதவை. ஜைரோ (ஹெலி சுழல்வதை உணரும் கருவி) வைத்த சின்னப் பலகை ஒன்று எல்லா அச்சையும் கவனித்துக்கொள்கிறது. சுவிட்ச் மறுபக்கம் இருக்கும்போது அந்தப் பலகைக்கு ஸ்டிக் சொல்வது சாய்வுக் கோணத்தை அல்ல, எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும் என்பதை. ட்ரிம் பொத்தானை மூன்று தட்டு வலப்பக்கம் தட்டினால், ‘வலப்பக்கம் மெதுவாகச் சுழன்றுகொண்டே இரு’ என்று ஓயாமல் கட்டளை போகும். நிமிரும் மோடில் அதே மூன்று தட்டு ‘கொஞ்சம் வலம் சாய்ந்திரு’ என்றுதான் பொருள்படும், அங்கே நன்றாகவே வேலை செய்யும். அதனால்தான் ஒரு மோடில் அழகாக நின்ற ஹெலி, மோடு மாற்றியதும் ஒரு பக்கம் கவிழப் பார்க்கிறது. ஆகவே ஃப்ளைபார் இல்லாத எந்த ஹெலியிலும் ரேடியோ ட்ரிம்களைப் பூஜ்ஜியத்தில் விட்டுவிடுங்கள். நழுவல் இருந்தால் கையேட்டில் சொன்னபடி சமதளத்தில் வைத்து அளவுதிருத்தம் செய்யுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஸ்வாஷ்பிளேட் (பிளேடுகளின் கோணத்தை மாற்றும் தட்டு) கோணலா, அதை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்களில் ஏதாவது ஒன்றின் கம்பி நழுவியதா என்று பாருங்கள்.

எடையும் இங்கே ஒரு வசதி. இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை. நானோவுக்கும், வணிக நோக்கமில்லாமல் ஓட்டும் 2 கிலோ வரையிலான மைக்ரோ வகைக்கும் பைலட் சான்று தேவையில்லை. ஆனாலும் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள சிவப்பு, மஞ்சள் பகுதிகளின் கட்டுப்பாடுகள் எல்லோருக்கும் பொருந்தும். மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உள்ள வரைபடத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஜிபிஎஸ் ஹெலிகளில் ஃப்ளைவிங் எஃப்டபிள்யூ450 பலருக்குத் தெரிந்த பெயர். தூக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம், அதுவே நின்றுகொள்ளும். பார்க்க அழகு. ஹோவர் பழக வாங்குவதாக இருந்தால், பழக வேண்டிய வேலையைச் செய்ய ஆள் வைத்துக்கொண்ட கதைதான். ஜிபிஎஸ்ஸை அணைத்து ஓட்டலாமே என்பார்கள். 450 அளவு ஹெலியை உதவியில்லாமல் முதன்முதலில் ஓட்டுவதில் உள்ள எல்லா ஆபத்தும் அங்கே அப்படியே இருக்கும்.

இனி பழைய 450. 2000களின் நடுப்பகுதியிலிருந்து தைவானின் அலைன் நிறுவனத்தின் டி-ரெக்ஸ் 450 உலகம் முழுக்கப் பரவியது. ஃப்ளைபார் வைத்த அந்தத் தலைமுறை ஹெலிகள் இப்போது மலிவாகக் கைமாறுகின்றன. ட்ரிம் என்றால் என்ன என்று அடியிலிருந்து கற்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. எலக்ட்ரானிக் மூளை எதுவும் தவறை மறைக்காது.

ஃப்ளைபார் என்கிற அந்தக் குறுக்குக் கம்பிக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஆர்தர் யங் என்பவர் 1920களின் கடைசியிலிருந்து மாடல் ஹெலிகளைக் கட்டிக் கட்டி உடைத்து, ரோட்டர் ஏன் நிலைகொள்ளாமல் ஆடுகிறது என்று ஆராய்ந்தார். ரோட்டரோடு சுற்றும் எடைக்கம்பி ஒன்றை இணைத்ததும் மாடல் அடங்கியது. அந்த மாடலை 1941இல் பெல் நிறுவனத்தில் பறக்கவிட்டுக் காட்டினார். அந்த வேலையிலிருந்து பிறந்த பெல் 47தான் 1946 மார்ச்சில் அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்குச் சான்று பெற்ற முதல் ஹெலிகாப்டர். ஆளேறும் ஹெலிக்குப் பாடம் சொன்னது மாடல் ஹெலி. பெல்லின் கம்பியையும் ஹில்லர் என்ற இன்னொரு ஹெலிகாப்டர் நிறுவனத்தின் துடுப்புக் கம்பியையும் கலந்த அமைப்புதான் பிறகு ஃப்ளைபார் மாடல்களில் நிலைத்தது.

இந்த 450இல் ட்ரிம் வேலை மேசையிலேயே பாதி முடிய வேண்டும். மெயின் மோட்டார் வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது சர்வோ கைகள் கம்பிகளுக்கு 90 டிகிரியில் நிற்க வேண்டும்; சரியாக அமையாததை மட்டும் சப்-ட்ரிம்மில் (ஒவ்வொரு சர்வோவின் நடுநிலையையும் நகர்த்தும் ரேடியோ அமைப்பில்) திருத்துங்கள். ஸ்வாஷ்பிளேட் மெயின் ஷாஃப்டுக்குச் செங்குத்தாக, எந்தப் பக்கமும் சாயாமல். பிட்ச் கேஜ் (பிளேடின் கோணத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் நடு ஸ்டிக்கில் இரண்டு பிளேடும் பூஜ்ஜியம். ஹோவர் ஏறக்குறைய 5, 6 டிகிரியில் நடக்கும்படி பிட்ச் கர்வ் (ஸ்டிக் எங்கே இருந்தால் பிளேடுக்கு எவ்வளவு கோணம் என்ற ரேடியோ அமைப்பு). ஆரம்பத்தில் ஸ்டிக்கை முழுக்கக் கீழே இழுத்தாலும் பெரிய எதிர்மறைக் கோணம் வராதபடி கர்வின் அடிப்பகுதியை மட்டுப்படுத்துங்கள். பதறிப்போய் ஸ்டிக்கைக் கீழே இழுப்பதுதான் எல்லோரும் செய்வது, எதிர்மறைக் கோணம் இருந்தால் ஹெலி தரையில் அறையும். அப்புறம் எடைமையம்: பிளேடுகளை உடலுக்குக் குறுக்காகத் திருப்பி, தலையைப் பிடித்துத் தூக்கினால் உடல் சமமாகத் தொங்க வேண்டும். மூக்கோ வாலோ தாழ்ந்தால் பேட்டரியை நகர்த்துங்கள். இதை விட்டுவிட்டு எலிவேட்டர் ட்ரிம்மில் ஈடுகட்டுபவர்கள்தான் அதிகம்.

மைதானத்தில் முதலில் பார்க்க வேண்டியது டிராக்கிங். ஒரு பிளேடின் நுனியில் வண்ண டேப் ஒட்டிவிட்டு, தூரத்தில் நின்று பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு பிளேடும் ஒரே தளத்தில் ஓட வேண்டும். இரண்டு கோடு தெரிந்தால் மேலே ஓடுவதன் கோணத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். அடுத்தது வால். ஃபுட்டாபா ஜிஒய்401 போன்ற ஜைரோக்களில் சாதாரண மோடு, ஹெடிங் ஹோல்டு (மூக்கின் திசையைத் தானே பிடித்து வைப்பது) என்று இரண்டு உண்டு. சாதாரண மோடில் பறந்து, வால் எந்தப் பக்கமும் திரும்பாத அளவுக்கு வால் கம்பியையோ வால் சர்வோவின் இடத்தையோ நகர்த்திச் சீர்செய்துவிட்டு, அதன்பின் ஹெடிங் ஹோல்டுக்கு மாறுங்கள். ஹெடிங் ஹோல்டில் ரடர் (வாலைத் திருப்பும்) ட்ரிம்மைத் தட்டினால் வால் மெதுவாகச் சுற்றிக்கொண்டேயிருக்கும். கடைசியாகத்தான் இடம்-வலம், முன்-பின் ட்ரிம். நாலைந்து தட்டுக்கு மேல் தேவைப்பட்டால் பொத்தானை விட்டுவிட்டு, சர்வோவிலிருந்து ஸ்வாஷ்பிளேட்டுக்குப் போகும் கம்பியை ஒரு திருகு கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள்.

இவ்வளவும் கற்றுத் தரும் ஆசிரியர் அடிக்கவும் செய்வார். ஒரு சாதாரணக் கவிழ்வுக்கே மெயின் பிளேடு, ஃபெதரிங் ஷாஃப்ட் (பிளேடுகளைத் தாங்கும் குறுக்குத் தண்டு), மெயின் ஷாஃப்ட், மெயின் கியர், சில சமயம் வால் பூம் (வால் குழாய்) வரை போகும். பழைய மாடல் என்றால் உதிரி தேடுவது தனி அலைச்சல். பணத்தை விடுங்கள், கை கால் பத்திரம். 450இன் ரோட்டர் விட்டம் சுமார் 70 செ.மீ. நிமிடத்துக்கு 2,500 சுற்று என்று வைத்தால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு சுமார் 330 கி.மீ. வரும். எனவே ஹோவர் ஓரளவு வந்த கைக்கு 450 அருமை. அது வராத கைக்கு வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

700 போன்ற பெரியவை உண்மையில் நிறுத்துவதற்கு எளிது. எடையும் ரோட்டரும் பெரிதென்பதால் நிதானமாக நகரும், காற்றுக்கு அசையாது, தூரத்திலிருந்தும் மூக்கு எங்கே என்று தெரியும். ஆனால் 1.5 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள ரோட்டர் அது. 2013இல் நியூயார்க்கின் புரூக்லின் பூங்காவில் நன்றாக ஓட்டத் தெரிந்த ஓர் இளைஞர் தன் மாடல் ஹெலி தாக்கியே இறந்தார். பெரிய ஹெலியில் தொடங்கலாம் என்றால் ஒரே ஒரு நிலைமையில்தான்: பக்கத்தில் தேர்ந்த ஒருவர் இரண்டாவது ரேடியோவுடன் நின்று, நீங்கள் தடுமாறும் கணத்தில் சுவிட்சை விட்டுத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒருவர் கிடைத்தால் மேலே சொன்ன என் தேர்வையெல்லாம் மறந்துவிட்டு அவரிடம் போய்விடுங்கள்.

மிச்சம் இருப்பது சிமுலேட்டர். ரியல்ஃப்ளைட், ஹெலி-எக்ஸ், நெக்ஸ்ட், அக்யூஆர்சி என்று பல இருக்கின்றன. எதுவானாலும் பறக்கப்போகும் அதே ரேடியோவை யுஎஸ்பியில் இணைத்து ஓட்டுங்கள், விசைப்பலகையில் ஓட்டுவது வீண். மோடு 1, மோடு 2 (எந்த ஸ்டிக் எதைச் செய்யும் என்பதன் இரண்டு அமைப்புகள்) தகராறையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் மோடு 1 அதிகம். உங்கள் ஊரில் உதவி செய்யக்கூடியவர் எதில் ஓட்டுகிறாரோ அதையே எடுத்துக்கொண்டால் அவர் உங்கள் ஹெலியை வாங்கிப் பார்க்க முடியும்.

சிமுலேட்டரின் பெரிய பயன், மூக்கு எந்தத் திசையில் இருந்தாலும் கை குழம்பாமல் இருக்கப் பழகுவது. வால் நம் பக்கம் இருக்கும்படி முதலில், பிறகு 45 டிகிரி, பிறகு பக்கவாட்டு, கடைசியில் மூக்கு நம்மைப் பார்க்க. மூக்கு நம்மைப் பார்க்கும்போது ஹெலி எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ள வேண்டும். யோசித்துச் செய்தால் நேரம் கடந்துவிடும், விரலே செய்ய வேண்டும். ரடரில் எப்போதும் மூக்கைப் பாருங்கள், வாலைப் பார்த்தால் தலைகீழாகத் திருப்புவீர்கள். நிஜ ஹெலி பெரும்பாலும் ஒரு பேட்டரிக்குச் சில நிமிடங்கள்தான் பறக்கும். இங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் விழலாம்.

ஆனால் சிமுலேட்டரில் வரும் ஹெலி ஏற்கெனவே கச்சிதமாக அமைக்கப்பட்டது. ட்ரிம் பாடம் அங்கே பூஜ்ஜியம். சிமுலேட்டரில் தலைகீழாகப் பறப்பவர் நிஜ ஹெலியைத் தூக்கியதும் திகைப்பது பயத்தால் மட்டும் அல்ல. இடப்பக்கம் நழுவுவது இயல்பா கோளாறா என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆகவே யாருக்கு எது? ரேடியோவும் கணினியும் இருந்தால் சிமுலேட்டரில் தொடங்கி, எல்லாத் திசையிலும் ஹோவர் வந்ததும் ஆறு சேனல் குட்டி. கணினி இல்லை, கையிலும் குறைவாகத்தான் காசு இருக்கிறது என்றால் நான்கு சேனல் குட்டி. ஏற்கெனவே ஒரு பழைய 450 வீட்டில் இருந்தால் அதை விற்க வேண்டாம். மேசையில் பிரித்துப் பூட்டி ட்ரிம் பாடத்தை அதில் படியுங்கள், ஹோவரைக் குட்டியில் பழகுங்கள். இரண்டும் ஒன்று சேரும்போது 450ஐ மைதானத்துக்குக் கொண்டுபோகலாம்.

கொண்டுபோகும் நாளில் ஹெலியின் காலில் குறுக்காகக் கட்டும், முனைகளில் பந்து வைத்த பயிற்சிக் கம்பிகளை மாட்டுங்கள். கார்பன் பிளேடை எடுத்து வைத்துவிட்டு மர பிளேடு போடுங்கள். தரையில் பட்டால் மரம் உடைந்துவிடும், தலைப்பகுதி பல நேரம் தப்பிக்கும். கடலோர ஊர் என்றால் கடற்காற்று எழும் முன், காலையிலேயே முடித்துவிடுங்கள். தரையிலிருந்து ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் தூக்கி வைத்துக்கொண்டு பயந்து பயந்து பழகாதீர்கள். அந்த உயரத்தில் ரோட்டர் தள்ளிய காற்று தரையில் பட்டுத் திரும்பி ஹெலியை அலைக்கழிக்கும், ட்ரிம் சரியா என்றும் கணிக்க முடியாது. 450 அளவுக்கு ஒரு மீட்டர் உயரம் வசதியானது. நீங்கள் ஐந்தாறு மீட்டர் பின்னால் நில்லுங்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்களை உங்களுக்கும் பின்னால் நிறுத்துங்கள். பையில் ஒரு ஜோடி மெயின் பிளேடு, ஃபெதரிங் ஷாஃப்ட் இரண்டு, மெயின் கியர் ஒன்று இருக்கட்டும்.